யாரும் வேண்டாம் என்றால் யாரும் வேண்டாம்தான்

2011 ஏப்ரல் 13, சட்டமன்றத் தேர்தல் நாள். எனக்கு இரண்டாம் வாக்குப்பதிவு அலுவலர் வேலை. தேர்தல் டூட்டி பார்த்த வாத்தியார்கள் எல்லோருக்கும் அந்த நாற்காலி தெரியும். முதல் அலுவலர் வாக்காளர் பட்டியலில் பேரைப் பார்த்துச் சத்தமாகப் படிப்பார், எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஏஜெண்டுகள் தங்கள் பட்டியலில் கோடு போட்டுக்கொள்வார்கள், அப்புறம் ஆள் என்னிடம் வருவார். நான் 17ஏ பதிவேட்டில் வரிசை எண்ணை எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, விரலில் மை வைத்து, சீட்டைக் கிழித்துக் கொடுத்து மூன்றாம் அலுவலரிடம் அனுப்ப வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இதுதான். மதியச் சாப்பாட்டுக்குக்கூட ஒருவர் மாற்றி ஒருவர்தான் எழுந்து போக முடியும்.

பதினோரு மணி வாக்கில் ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கை விரலிடுக்கில் மஞ்சள் கறை. கையெழுத்தை நிதானமாகப் போட்டார். மை வைக்க விரலை நீட்டினார். நான் சீட்டைக் கொடுக்கப் போனபோது வாங்காமல், “எனக்கு ஆருக்கும் போட விருப்பமில்லீங்க. 49 ஓ எழுதோணும்” என்றார்.

எனக்கு விஷயம் தெரியும். பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். 1961-ஆம் வருடத்துத் தேர்தல் நடத்தை விதிகளில் 49-ஓ என்று ஒரு விதி. பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு ஒருவர் வாக்களிக்க விரும்பவில்லை என்றால், குறிப்புப் பத்தியில் வாக்களிக்க மறுத்தார் என்று எழுதி, அதற்கு நேராக அவரிடம் இன்னொரு கையெழுத்து வாங்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் தெரிந்திருப்பது வேறு, அந்த நேரத்தில் அதைச் செய்வது வேறு. தலைமை அலுவலர் எழுந்து வந்து, “ஐயா, அதெல்லாம் எதுக்குங்க, உள்ள போய் எதையாச்சும் அமுக்கிட்டுப் போங்க, பின்னால வரிசை நிக்குதல்ல” என்றார். பெரியவர் நகரவில்லை. “எதையாச்சும் அமுக்கறதுக்கா நான் வெயில்ல நின்னு வந்தேன்? விதி இருக்குதுங்களா, இல்லீங்களா?” குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் அறை முழுக்க அமைதியாகிவிட்டது. ஏஜெண்டுகள் அத்தனை பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். எல்லோரும் அதே ஊர்க்காரர்கள், பாதிப் பேர் அவருக்குப் பங்காளி, மீதிப் பேர் மாமன் மச்சான். ஒரு பையன், “ஏனுங் மாமா, நாங்கெல்லாம் இத்தன பேர் உக்காந்திருக்கறம், இப்படிப் பண்றீங்களே” என்றான்.

கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலைமை அலுவலர் கடைசியில் எழுதினார். பெரியவர் இரண்டாவது கையெழுத்தைப் போட்டார். அந்தப் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். அவர் வெளியே போய்ப் படி இறங்குவதற்குள் ஒரு ஏஜெண்ட் போனோடு வாசலுக்கு வெளியே போய்விட்டான். சாயங்காலம் இயந்திரத்துக்கு சீல் வைத்துக்கொண்டிருக்கும்போது, டீ கொண்டு வந்த ஆள் எங்களிடமே அந்தக் கதையைச் சொன்னான். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கட்சிக்குப் போட்ட எண்ணூத்திச் சொச்சம் பேரில் யார் யாருக்குப் போட்டார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. போடாத அந்த ஒருத்தரை மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. தப்பு எதுவும் செய்யவில்லை, விதிப்படிதான் எல்லாம் நடந்தது. ஆனால் விதியே ஒரு மனிதனை நடு அறையில் நிறுத்தி வைக்கிறதே என்று பட்டது.

இந்தக் குறையைத்தான் பி.யு.சி.எல். என்கிற மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2004-லேயே உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருந்தது. தீர்ப்பு வந்தது 2013 செப்டம்பர் 27. தீர்ப்பு சொன்ன அமர்வின் தலைவர் அப்போதைய தலைமை நீதிபதி ப. சதாசிவம், நம்ம பவானி பக்கத்துக் காடப்பநல்லூரில் பிறந்தவர். இதைச் சொல்லும்போது எனக்கு ஊர்ப் பெருமை கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, மறைக்க விரும்பவில்லை. தீர்ப்பின் சாரம் எளிது: வாக்களிப்பவருக்கு ரகசியம் உண்டு என்றால், யாருக்கும் வாக்களிக்க மாட்டேன் என்பவருக்கும் அதே ரகசியம் வேண்டும், ஆகவே இயந்திரத்திலேயே அதற்கு ஒரு பொத்தான் வையுங்கள். அப்படித்தான் நோட்டா வந்தது. அந்த வருடக் கடைசியில் ஐந்து மாநிலச் சட்டமன்றத் தேர்தல்களில் வந்தது, தமிழ்நாட்டில் முதன்முதலாக அதே டிசம்பரில் நடந்த ஏற்காடு இடைத்தேர்தலில் வந்தது. இப்போது பார்க்கிற சின்னம், வாக்குச்சீட்டின் மேல் கறுப்புப் பெருக்கல் குறி போட்டது, 2015-இல் வந்தது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வரைந்து கொடுத்தது.

2014 மக்களவைத் தேர்தல் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அந்தப் பெரியவரைத் தற்செயலாகப் பார்த்தேன். மஞ்சள் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்து நின்றார், எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. பேச்சுவாக்கில், “இந்தத் தடவை நோட்டாவுங்களா?” என்று கேட்டேன். “அதைச் சொல்லவேண்டாம்னுதானுங்க கோர்ட்டே சொல்லியிருக்குது, வாத்தியாரே” என்றார். எனக்கு மனது நிறைந்துவிட்டது.

அந்தத் தேர்தலில்தான் இந்தியாவிலேயே அதிக நோட்டா ஓட்டு நீலகிரித் தொகுதியில் விழுந்தது. 46,559. கிட்டத்தட்ட நூற்றுக்கு ஐந்து. மலைத் தொகுதி என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள், ஆனால் மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் அதற்குள்தான் வருகின்றன, அதாவது பாதித் தொகுதி சமவெளி. அந்தத் தடவை அங்கே பாஜக வேட்பாளரின் மனு தள்ளுபடியாகியிருந்தது. அந்தப் பக்கம் போட நினைத்தவர்களுக்கு ஆள் இல்லை. எல்லாமே அந்த ஓட்டு என்று சொல்லிவிட முடியாது, ஆனால் அதுவும் ஒரு காரணம் என்று அன்றைக்கு எல்லோரும் பேசினார்கள். எதற்காக அமுக்கினார்கள் என்பதை எண்ணிக்கை சொல்லாது, எத்தனை பேர் என்று மட்டும்தான் சொல்லும்.

சரி, அந்த 46,559 பேர் சொன்னதால் என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. இங்கேதான் எனக்கு ஆதங்கம். நோட்டா முதலிடம் வந்தாலும் சட்டப்படி அதற்கு அடுத்து வந்த வேட்பாளர்தான் ஜெயித்தவர். ஆயிரம் பேரில் 999 பேர் யாரும் வேண்டாம் என்று அமுக்கி, ஒருத்தர் மட்டும் ஒரு வேட்பாளருக்குப் போட்டால், அந்த ஒரு ஓட்டு வாங்கியவர் எம்.எல்.ஏ. டெபாசிட் கணக்கிலும் அப்படித்தான்: செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும், அந்தக் கணக்கில் நோட்டா ஓட்டைச் சேர்ப்பதே இல்லை. எண்ணுகிறார்கள், அறிவிக்கிறார்கள், அப்புறம் ஓரமாக வைத்துவிடுகிறார்கள்.

2024-இல் இந்தூரில் பாருங்கள். காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டார். 2,18,674 பேர் நோட்டாவை அமுக்கினார்கள், இரண்டாம் இடம். அதே தேர்தலில் சூரத்தில் மற்ற மனுக்கள் தள்ளுபடியும் வாபஸுமாகி ஒரே ஒரு வேட்பாளர் மிஞ்ச, ஓட்டுப்பதிவே நடக்காமல் அவர் தேர்வானார். அங்கே நோட்டாவை அமுக்கக்கூட யாருக்கும் வாய்ப்பில்லை. நம்ம பக்கம் ஈரோடு கிழக்கில் 2025 பிப்ரவரி இடைத்தேர்தலில் 46 பேர் நின்றார்கள், பெரிய எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன. நோட்டாவுக்கு 6,109, மூன்றாம் இடம். திமுகவும் நாம் தமிழரும் போக மீதி 44 வேட்பாளர்களும் நோட்டாவுக்குக் கீழே. நோட்டாவுக்காக ஒருத்தர் வீடு வீடாகப் போகவில்லை, ஒரு போஸ்டர் ஒட்டவில்லை. அப்படியிருந்தும் ஆறாயிரம் பேர் வேலையை விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்று அதை அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டிலேயே இருந்துகொண்டவர்களோடு இவர்களை ஒரே தட்டில் வைப்பது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

நோட்டா இல்லாத காலத்தில் எங்கள் மாவட்டத்து ஜனங்கள் தங்கள் கோபத்தைக் காட்டிய விதத்தையும் சொல்ல வேண்டும். 1996 சட்டமன்றத் தேர்தல், மொடக்குறிச்சி. விவசாயிகள் தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்று நூற்றுக்கணக்கில் போய் மனுத் தாக்கல் செய்தார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டு புத்தகம்போல ஆகிவிட்டது. எங்கள் சித்தப்பா ஒருவர் அங்கே ஓட்டுப் போட்டவர். தான் தேடிய சின்னத்தைக் கண்டுபிடிக்கப் பக்கம் பக்கமாகப் புரட்டியதையும், முத்திரை அடித்த மை காய்வதற்குள் பக்கத்தை மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுமே என்று ஊதி ஊதிக் காயவைத்ததையும் சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருடமே சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆனது, சுயேச்சைக்குப் பத்து பேர் முன்மொழிய வேண்டும் என்று வந்தது. இப்போது டெபாசிட் 10,000. வேட்பாளராக நின்று எதிர்ப்பைக் காட்டும் கதவை மூடியாயிற்று. 2001-இல் தமிழ்நாடு முழுக்க இயந்திரம் வந்தபோது, சீட்டில் எல்லாச் சின்னத்திலும் குத்திச் செல்லாத ஓட்டாக்குகிற இன்னொரு கதவும் மூடிக்கொண்டது. மிச்சமிருப்பது இந்தக் கடைசிப் பொத்தான் ஒன்றுதான். அதையும் வலுவில்லாமல் வைத்திருந்தால் எப்படி?

வலு கொடுக்க முடியாது என்று சொல்கிறவர்களுக்கு ஹரியானாவைக் காட்டலாம். 2018-இல் அந்த மாநிலத் தேர்தல் ஆணையம் உள்ளாட்சித் தேர்தலுக்கு ஒரு ஏற்பாடு செய்தது. நோட்டாவை ஒரு கற்பனை வேட்பாளராகக் கணக்கில் எடுத்துக்கொள்வது. அது முதலிடம் வந்தால் நின்ற எல்லோரும் தோற்றவர்கள், மறுபடி தேர்தல், தோற்றவர்கள் அதில் நிற்கக் கூடாது. இரண்டாம் முறையும் நோட்டாவே முதலில் வந்தால் மூன்றாவது தேர்தல் கிடையாது, அடுத்து வந்தவரை அறிவித்துவிடுவார்கள். நோட்டா ஜெயித்துக்கொண்டே இருந்தால் பதவி காலியாகவே கிடக்குமே, செலவு என்னாவது என்று கேட்கிறவர்களுக்கு அந்தக் கடைசி வரியில் பதில் இருக்கிறது. மகாராஷ்டிராவிலும் அதே வருடம் உள்ளாட்சியில் நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல் என்று உத்தரவு போட்டார்கள். கொலம்பியாவில் யாருக்கும் போடாத வெற்று ஓட்டு பாதிக்கு மேல் போனால் புது ஆட்களை நிறுத்தித் தேர்தலைத் திரும்ப நடத்த வேண்டும். 2011-இல் பெய்யோ என்ற ஊரில் மேயர் பதவிக்கு ஒரே ஒருவர்தான் நின்றார், அவரையே வெற்று ஓட்டு தோற்கடித்தது. அமெரிக்காவில் நெவாடா மாநிலம் 1970-களிலேயே சீட்டில் இவர்களில் யாருமில்லை என்று ஒரு வரி வைத்துவிட்டது, ஆனால் அங்கேயும் நம்மைப்போலத்தான், எண்ணுவதோடு சரி.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைப் புரியவைத்தது என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் எட்டாம் வகுப்பில் வகுப்புத் தலைவர் தேர்தல் வைத்தேன். 38 பிள்ளைகள், மூன்று வேட்பாளர்கள், சாக்பீஸ் டப்பாதான் ஓட்டுப்பெட்டி. வேண்டுமென்றே சீட்டில் யாரும் வேண்டாம் என்று நாலாவதாக ஒரு கட்டமும் போட்டிருந்தேன். எண்ணினால் ஒரு பையனுக்கு 14, ஒரு பெண்ணுக்கு 12, மூன்றாவது பையனுக்கு 8, யாரும் வேண்டாம் 4. நம்ம நாட்டு முறைப்படி 14 வாங்கியவன் ஜெயித்துவிட்டான். உடனே சத்தம். 24 பேர் அவனுக்குப் போடவில்லையே சார் என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். எண்பதாயிரம் ஓட்டு வாங்கி ஜெயித்தவருக்கு எதிராக ஒரு லட்சத்துக்கு மேல் பிரிந்து விழுந்திருக்கிறதே என்று ஒவ்வொரு தேர்தலிலும் டீக்கடையில் பேசுகிறோமே, அதே கேள்விதான்.

மறுநாள் வேறு முறையில் வைத்தேன். குடியரசுத் தலைவர் தேர்தலில் செய்கிற மாதிரி, பிடித்தவருக்கு 1, அவர் இல்லையென்றால் அடுத்து யார் என்பதற்கு 2 என்று எண் போட வேண்டும். 1969-இல் வி.வி. கிரி அப்படித்தான் ஜெயித்தார், முதல் விருப்ப ஓட்டில் யாருக்கும் பாதிக்கு மேல் வராமல் அடுத்த விருப்பங்களை எண்ணித்தான் முடிவு தெரிந்தது. எங்கள் வகுப்பிலும் முதல் எண்ணிக்கை முந்தின நாள் மாதிரியே வந்தது. 8 வாங்கிய பையனை விலக்கி, அவனுக்குப் போட்டவர்களின் இரண்டாம் விருப்பத்தைப் பிரித்தோம். ஏழு அந்தப் பெண்ணுக்கு, ஒன்று முதல் பையனுக்கு. 19-க்கு 15. அந்தப் பெண் தலைவர் ஆனாள். அதே பிள்ளைகள், அதே மனசு, எண்ணுகிற முறை மாறியதும் முடிவு மாறிவிட்டது. கரும்பலகையில் கூட்டிக் காட்டியபோது வகுப்பே வாயைத் திறந்துகொண்டு பார்த்தது.

அந்த நாலு பேர் மட்டும் இரண்டு நாளும் மாறவே இல்லை. அதில் ஒரு பையன் சாயங்காலம் தானாகவே என்னிடம் வந்து காரணத்தைச் சொன்னான். “யார் லீடரானாலும் பேசறவங்க பேரை போர்டுல எழுதி உங்ககிட்ட அடி வாங்கித் தருவாங்க சார். எனக்கு அந்த வேலையே வேண்டாம்னுதான் போட்டேன்.” நான் அடிக்கிறவன் இல்லை, ஆனாலும் அவன் சொன்னது எனக்கு உறைத்தது. அவனுக்கு ஆட்கள்மேல் கோபமில்லை, அந்தப் பதவி நடக்கிற விதத்தின்மேல்தான் கோபம். அதிலிருந்து போர்டில் பேர் எழுதுகிற வழக்கத்தையே நிறுத்திவிட்டேன்.

நாலு சீட்டுக்கு அவ்வளவு மரியாதை கொடுக்க முடிந்தது, ஏனென்றால் காரணத்தைக் கேட்க முடிந்தது. தேர்தலில் அது முடியாது. நோட்டாவை அமுக்குகிறவர்களில் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். தனக்குப் பிடித்தவர் எப்படியும் ஜெயிக்க மாட்டார், மற்றவர்களைப் பிடிக்காது என்று விரக்தியில் அமுக்குகிறவர் ஒரு வகை. அவருக்கு வேண்டியது வரிசை எண் போடுகிற முறை, அது வந்தால் நோட்டா பக்கமே வர மாட்டார். நிஜமாகவே ஒருத்தரும் தேறமாட்டார்கள் என்று முடிவு செய்து அமுக்குகிறவர் இன்னொரு வகை, அந்த மஞ்சள்காட்டுப் பெரியவர் மாதிரி. அவருக்கு வேண்டியது பல்லுள்ள நோட்டா. மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் எண்ணுகிற முறையை மாற்றுவது நாடாளுமன்றம் மனசு வைத்தால்தான் நடக்கும், அது நம் ஆயுசில் நடக்குமோ என்னமோ. ஆனால் உள்ளாட்சி அப்படியில்லை. அது மாநிலத்தின் கையில் இருக்கிறது.

அந்த உள்ளாட்சியில்தான் நமக்கு நோட்டாவே இல்லை, பல்லில்லாத நோட்டாகூட. 2022 பிப்ரவரி 19 நகர்ப்புறத் தேர்தலில் கோபியில் நான் ஓட்டுப் போடப் போனேன். இயந்திரத்தில் மேலிருந்து கீழ் வரைக்கும் இரண்டு தடவை பார்த்தேன், கடைசி வேட்பாளரோடு முடிந்துவிட்டது. என் அம்மாவை நாற்காலி வண்டியில் கூட்டிப் போயிருந்தேன். வெளியே வந்ததும், “ஏங்கண்ணு, அந்தக் கட்டம் போட்டுப் பெருக்கல் அடிச்ச சின்னத்தைக் காணமே?” என்று கேட்டார். அம்மா படித்தது மூன்றாம் வகுப்பு. அந்தச் சின்னம் எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அது இல்லாததும் தெரிந்திருக்கிறது. 2019 டிசம்பரில் கிராம ஊராட்சிகளுக்கு நடந்தபோதும் அப்படித்தான், ஆளுக்கு நாலு நிறத்தில் நாலு சீட்டு கொடுத்தார்கள், ஒன்றிலும் அந்த வரி இல்லை. கிராமத்தில்தான் அது ரொம்பத் தேவை. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து இவர்தான் தலைவர் என்று பேசி முடித்துவிட்டால் அங்கே ஓட்டே நடக்காது, பிடிக்காதவர்கள் முணுமுணுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். ஒரே ஆள் நின்றாலும் நோட்டாவோடு போட்டி போட்டுத்தான் ஜெயிக்க வேண்டும் என்று வந்தால், அந்த மண்டபத்தில் பேசுகிற பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அதனால் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் ஊரக வளர்ச்சித் துறைக்கும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். மூன்று கோரிக்கை: உள்ளாட்சித் தேர்தல் சீட்டிலும் இயந்திரத்திலும் நோட்டா வேண்டும், அது முதலிடம் வந்தால் ஒரு தடவை மறுதேர்தல் வேண்டும், ஒரே வேட்பாளர் இருந்தாலும் ஓட்டுப்பதிவு நடத்த வேண்டும். கடைசிக் கோரிக்கையை எழுதும்போது அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அடியில் தன் பேரையும் போடச் சொல்லிவிட்டுக் கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுகிறேன் என்று கண்ணாடியைத் தேடி எடுத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் போட்டார். திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். உங்கள் ஊரிலிருந்தும் யாராவது அனுப்புவதாக இருந்தால் சொல்லுங்கள், என்னுடையதன் நகலைத் தருகிறேன், ஊர்ப் பேரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.